முப்பத்துநாலும் பதினொன்றும்: ஓர் ஆய்வாளரின் மேற்கோள் பக்கத்தை எப்படிப் படிப்பது?

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். தருமபுரியில் எங்களிடம் உயிர்வேதியியல் படித்தவள். பிறகு வெளியூரில் தங்கி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் எம்.எஸ்சி. முடித்தாள். அவள் அப்பா தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறார். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள்தான். பிஎச்.டி. சேர இரண்டு இடத்தில் வாய்ப்பு வந்திருந்தது. ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில் இரண்டு கைடுகளின் பக்கத்தையும் போனில் திறந்து என் மேசைமேல் வைத்தாள்.

“சார், இவருக்கு எச்-இண்டெக்ஸ் 34. இவருக்கு 11. முப்பத்துநாலுகிட்ட போறதுதானே சார் நல்லது?”

ஒருவரின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எவ்வளவு எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்வது எச்-இண்டெக்ஸ். அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் இதையெல்லாம் சொல்ல ஆள் இருக்காது. போனில் தெரிகிற எண் ஒன்றுதான் கையில் கிடைக்கிற தகவல். அந்த எண்ணை வைத்து ஐந்து வருடத்தை முடிவு செய்துவிடுகிறார்கள்.

மேற்கோள் என்றால் என்ன

ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு பட்டியல் இருக்கும். இந்த வேலையைச் செய்ய யாருடைய முந்தைய வேலையையெல்லாம் எடுத்துக்கொண்டேன் என்று எழுதியவர் சொல்லும் இடம் அது. அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை வந்தால் உங்கள் கணக்கில் ஒரு மேற்கோள் ஏறும். கல்லூரிகளில் சைட்டேஷன் என்றுதான் சொல்வோம். ஒரே கட்டுரைக்குள் பத்து இடத்தில் உங்களைக் குறிப்பிட்டிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ளத் தருமபுரிக்காரர்கள் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் ஊரின் பழைய பெயர் தகடூர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை இந்தத் தகடூரை முற்றுகையிட்டு அதியமானை வென்ற போரைப் பாடியது தகடூர் யாத்திரை என்ற நூல். அந்த நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்துக்காட்டாகத் தந்த பாடல்களும், புறத்திரட்டு என்ற பழம்பாடல் தொகுப்பைத் தொகுத்தவர் எடுத்துச் சேர்த்த பாடல்களும்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. ஒரு நூல் மேற்கோளாக மட்டுமே உயிர் பிழைத்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நச்சினார்க்கினியர் அந்தப் பாடலை எடுத்தது, தாம் விளக்கிக்கொண்டிருந்த இலக்கணத்துக்கு அது பொருத்தமான சான்றாக இருந்ததால். அந்த நூலிலேயே இதைவிட அழகான பாடல் ஒன்று இருந்திருக்கலாம். அது அவருடைய சூத்திரத்துக்குத் தேவைப்படாமல் போயிருந்தால் அதோடு அது அழிந்திருக்கும். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் பயன்பட்டது என்பதற்கு மேற்கோள் சாட்சி. எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு கடினமாக உழைத்துச் செய்தது என்பதை அது சொல்வதில்லை. ஆய்வு உலகத்திலும் இதேதான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாக விளங்கும்.

மேற்கோள்களை முறையாக எண்ணத் தொடங்கியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் சயின்ஸ் இதழில் இந்த யோசனையை எழுதினார். 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டு வெளியிட்டார். அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது வக்கீல்களின் வழக்கம். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று பார்க்க அமெரிக்க வக்கீல்களிடம் 1873 முதலே ஓர் அட்டவணை இருந்தது. கார்ஃபீல்ட் அதை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டுரையிலிருந்து அதற்குப் பின்னால் வந்த வேலைகளைத் தேடிப் பிடிக்க உதவும் வழிகாட்டியாகத்தான் அதை முதலில் நினைத்தார். ஆட்களுக்கு மதிப்பெண் போடும் கருவியாக அது மாறியது பிறகுதான்.

எச்-இண்டெக்ஸ்: ஒரு மாந்தோப்புக் கணக்கு

ஒருவர் எழுதிய கட்டுரைகளை எண்ணினால், குப்பையாக நூறு எழுதியவர் முன்னால் வந்துவிடுவார். மொத்த மேற்கோளைக் கூட்டினால், அறுபது பேரோடு சேர்ந்து ஒரே ஒரு பெரிய கட்டுரையில் பெயர் போட்டவர் முன்னால் வந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியாக 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னதுதான் எச்-இண்டெக்ஸ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியர் அவர்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்ததும் எந்த மரம் எத்தனை கூடை காய்த்தது என்று எழுதி, அதிகம் காய்த்த மரத்திலிருந்து வரிசையாக அடுக்குகிறீர்கள். முதல் மரம் குறைந்தது ஒரு கூடை, இரண்டாவது குறைந்தது இரண்டு, மூன்றாவது குறைந்தது மூன்று என்று பார்த்துக்கொண்டே போங்கள். மரத்தின் வரிசை எண்ணைவிடக் கூடை குறைந்துவிடும் இடத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். அங்கே நிற்கும் எண்தான் அந்தத் தோப்பின் எச்-இண்டெக்ஸ். மரத்தைக் கட்டுரையாகவும் கூடையை மேற்கோளாகவும் மாற்றிக்கொண்டால் போதும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஓர் ஆய்வாளருக்கு ஒன்பது கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்கள் முறையே 412, 58, 31, 17, 12, 9, 6, 2, 0. ஆறாவது கட்டுரைக்கு 9 இருக்கிறது, ஆறுக்குக் குறையவில்லை. ஏழாவதுக்கு 6தான், ஏழுக்குக் குறைந்துவிட்டது. ஆகவே எச்-இண்டெக்ஸ் 6. மொத்த மேற்கோள் 547. பத்துக்குக் குறையாத மேற்கோள் உள்ள கட்டுரைகள் ஐந்து. கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ஐ10-இண்டெக்ஸ் என்று தெரிவது இந்த ஐந்துதான்.

இப்போது அந்த 412ஐ அழித்துவிட்டு 41,200 என்று எழுதினேன். “எச்-இண்டெக்ஸ் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, “அதே ஆறுதான் சார்” என்றாள். அதை விட்டுவிட்டு ஏழாவது கட்டுரையின் 6ஐ மட்டும் 7 ஆக்கினேன். எச்-இண்டெக்ஸ் 7 ஆகிவிட்டது. நாற்பதாயிரம் மேற்கோள் அசைக்காத எண்ணை ஒரே ஒரு மேற்கோள் அசைத்துவிட்டது.

அந்த ஒரு மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளிநாட்டில் யாரோ முன்பின் தெரியாதவர் படித்துப் பயன்படுத்தியதாக இருக்கலாம். அவரே தம் அடுத்த கட்டுரையில் தம்மைக் குறிப்பிட்டதாகவும் இருக்கலாம். தன் முந்தைய வேலையைத் தொடர்ந்து செய்கிற ஆய்வாளர் தன்னைக் குறிப்பிடுவது நியாயமானதுதான். குறிப்பிடாமல் விட்டால் அதுதான் தவறு. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டுரைகளாகப் பார்த்துத் தேடித்தேடிக் குறிப்பிடுகிறவர்களும் உண்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மாற்றி மாற்றிக் குறிப்பிட்டுக்கொள்வதும் நடக்கிறது.

ஹிர்ஷ் தம் கட்டுரையில் ஓர் அளவுகோலும் சொன்னார். இருபது வருட ஆய்வுக்குப் பிறகு எச்-இண்டெக்ஸ் 20 என்றால் வெற்றிகரமான விஞ்ஞானி, 40 என்றால் மிகச் சிறந்தவர் என்றார். அது இயற்பியலுக்குச் சொன்னது. உயிரியலில் எண்கள் இதைவிடப் பெரிதாக வரும் என்று அதே கட்டுரையில் எழுதியும் வைத்தார். பலரும் அந்த இடத்தைப் படிக்காமல் 20, 40 என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் ஹிர்ஷே, தம் அளவீடு மோசமாகத் தோற்கவும் கூடும், தாம் நினைத்துப்பாராத தீய விளைவுகளும் அதனால் வருகின்றன என்று எழுதினார்.

கருவிக்குக் கிடைக்கும் பெயர்

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் இந்த விஷயம் இன்னும் சிக்கலாகிறது. ஏனென்று சொல்வதற்கு முன்னால் இந்தத் துறையில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட மிக நீண்ட வரி. புரதம் இருபது எழுத்துகளில் எழுதப்பட்டது. இந்த வரிகளைக் கணினியில் வைத்து ஒப்பிடுவது, தேடுவது, எந்த வரி எதிலிருந்து கிளைத்தது என்று கண்டுபிடிப்பது, அதற்கு வேண்டிய நிரல்களை எழுதுவது. இதுதான் வேலை.

பிளாஸ்ட் என்று ஒரு நிரல். (எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்ட் என்று சொன்னால் வேளாண் அலுவலர்களுக்குக் கேழ்வரகின் குலை நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு.) உங்கள் கையில் ஒரு மரபணு வரி இருக்கிறது, உலகத்தில் இதுவரை சேர்த்து வைத்த கோடிக்கணக்கான வரிகளில் எது எது இதைப் போல இருக்கிறது என்று சில நொடிகளில் தேடித் தரும். 1990இல் ஆல்ட்ஷூல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் ஆகிய ஐவர் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அதன்பின் உயிரியலில் மரபணுவைத் தொட்ட எவரும் ஒருமுறையாவது பிளாஸ்ட் ஓட்டியிருப்பார்கள். ஓட்டியவர்களில் பலர் தம் கட்டுரையில், “பிளாஸ்ட் கொண்டு தேடினோம்” என்று எழுதி அந்த 1990 கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள்.

2014இல் நேச்சர் இதழ், அதுவரை உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. பிளாஸ்ட் கட்டுரை 12ஆம் இடம். அதன் 1997 மேம்பாடு 14ஆம் இடம். பல வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திக் காட்டும் கிளஸ்டல் டபிள்யூ என்ற 1994 நிரல் 10ஆம் இடம். முதலிடம் 1951இல் ஆலிவர் லோரியும் கூட்டாளிகளும் எழுதியதற்கு. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை அது. மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். டி.என்.ஏ. இரட்டைச் சுருளாக இருக்கிறது என்று வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய கட்டுரை? அந்த நூறில் அது இல்லவே இல்லை. உயிரியலைத் தலைகீழாக மாற்றிய கண்டுபிடிப்பு வெளியே நிற்கிறது. அந்த டி.என்.ஏ.வைத் தேடும் நிரல் முதல் பதினைந்துக்குள் நிற்கிறது. நிரல் எழுதியவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பிளாஸ்ட் இல்லாமல் என் சொந்த வேலையே நடந்திருக்காது. கருவிக்கும் கண்டுபிடிப்புக்கும் மேற்கோள் விழும் விதமே வேறு, ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

நமக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று ஒரு வரைபடமாகக் காட்டியது அது. இருபத்தேழு வருடம் கழித்து பிளாஸ்ட் வந்ததும் அதே ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜியில்தான். இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்ததாக யார் சொன்னாலும் முதலில் கேட்பது, “ராமச்சந்திரன் பிளாட் போட்டுப் பார்த்தீர்களா?” என்பதுதான். ஆனால் பெயரைச் சொல்கிற பலர் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. நியூட்டனின் விதியை எழுதும்போது யாரும் நியூட்டனின் நூலைப் பட்டியலில் போடுவதில்லையே, அப்படி. ஒரு வேலை எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டால் அதற்கு மேற்கோள் நின்றுவிடுகிறது என்பதை ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் விளக்கியிருக்கிறார். ராமச்சந்திரனின் கணக்கில் ஏறாமல் போன மேற்கோள்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

ராகிக்கும் ஒரு கணக்கு

எங்கள் பக்கம் களி இல்லாத வீடு இல்லை. அந்த ராகியின் மரபணுத் தொகுதி (ஜீனோம், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ. வரி) முதன்முதலில் 2017இல் வெளியானது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஷைலஜா ஹிட்டல்மணி தலைமையிலான குழு, எம்.எல். 365 என்ற ரகத்தை எடுத்துச் செய்தது. வறட்சியை ராகி எப்படித் தாங்குகிறது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்விகளில் முக்கியமானது. ராகியில் 36 குரோமோசோம்கள். நமக்குக் குரோமோசோம்கள் இரண்டு செட்டாக இருப்பது போல அதற்கு நான்கு செட். டி.என்.ஏ. வரியைத் துண்டு துண்டாகப் படித்துத்தான் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் துண்டுகளை, எது எந்தச் செட்டுக்கு உரியது என்று பிரித்து ஒட்டுவது பெரும்பாடு.

இந்தக் கட்டுரை பிளாஸ்ட் அளவுக்கு மேற்கோள் வாங்குமா? ஒருநாளும் வாங்காது. உலகத்தில் நெல்லையும் கோதுமையையும் ஆராய்கிறவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். ராகியை ஆராய்கிறவர்கள் இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இன்னும் சில இடங்களிலும் இருக்கும் சிறு கூட்டம். படிக்கிறவர் குறைவென்றால் குறிப்பிடுகிறவரும் குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் மாதிரியான இடங்களில் மானாவாரிப் பயிருக்கு ரகம் தேடுகிறவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எச்-இண்டெக்ஸுக்குத் தெரியாது. ரகம் வெளியாகி விவசாயி விதைத்தால் அதற்கு மேற்கோள் கிடையாது. விவசாயி கட்டுரை எழுதுவதில்லை.

மேற்கோளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே துறைக்குள், ஒரே வகை வேலை செய்கிற, ஏறத்தாழ ஒரே வயதுள்ள ஆய்வாளர்களைத்தான் ஒப்பிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எச்-இண்டெக்ஸ் ஏறும், இறங்காது. ஒருவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் ஏறும். இருபத்தைந்து வருடம் வேலை செய்தவரையும் ஏழு வருடம் வேலை செய்தவரையும் பக்கத்தில் நிறுத்தி எது பெரிய எண் என்று பார்ப்பது, பத்து வயது மாமரத்தையும் மூன்று வயதுக் கன்றையும் காய்ப்பில் ஒப்பிடுவதுதான்.

எந்தப் பக்கத்தில் பார்த்த எண்?

கூகுள் ஸ்காலரைப் போல மேற்கோளை எண்ணும் தரவுத்தளங்கள் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று இன்னும் இரண்டு உண்டு. ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண்ணும் ஸ்கோபஸில் இன்னொன்றும் வெப் ஆஃப் சயின்ஸில் வேறொன்றும் இருக்கும். மூன்றும் சரிதான். கூகுள் ஸ்காலர் இணையத்தில் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, அச்சாகும் முன்பே போடப்பட்ட பிரதி என்று கிடைப்பதையெல்லாம் எண்ணும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் எண்ணும். ஆகவே ஸ்காலரில் பெரும்பாலும் எண் பெரிதாக இருக்கும். ஒருவரை ஸ்காலரிலும் மற்றவரை ஸ்கோபஸிலும் பார்த்து ஒப்பிட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் எண் போடும்போதும் எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு எண் இம்பாக்ட் ஃபேக்டர். அது ஆளுக்கு உரியது அல்ல, இதழுக்கு உரியது. ஓர் இதழ் கடந்த இரண்டு வருடத்தில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. வெறும் சராசரி. சராசரி என்ன செய்யும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2 என்ற அளவில் இருந்து 2009இல் ஏறக்குறைய 50க்குத் தாவியது. காரணம், படிகங்களின் அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் என்ற நிரலைப் பற்றி ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒற்றைக் கட்டுரை. அந்த வருடம் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் வேலை திடீரென்று இருபத்தைந்து மடங்கு சிறந்துவிட்டதா? இதழின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் இதழாசிரியர்களும் ஓர் அறிக்கையே எழுதினார்கள். நம் பக்கத்து நேர்காணல்களில் இன்றும் முதல் கேள்வி இம்பாக்ட் ஃபேக்டர்தான். இது மாற வேண்டும்.

எண்ணுக்கு இப்படி விலை வைத்ததால் வந்த கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “ஏழே நாளில் பிரசுரம், சர்வதேச இதழ்” என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை எங்கள் மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், எனக்குச் சொல்லாமல், பகுதிநேர வேலையில் சேர்த்த 4,500 ரூபாயைக் கட்டி அப்படி ஒன்றில் கட்டுரை போட்டான். யாரும் படித்துத் திருத்தவில்லை. எழுத்துப்பிழைகூட அப்படியே வந்தது. ஒரு வருடத்தில் அந்தத் தளமே காணாமல் போனது. கட்டுரையும் போயிற்று. நல்ல வேலை அது. அவனோடு உட்கார்ந்து அதைத் திருத்தி ஒரு சரியான இதழுக்கு அனுப்ப எனக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்திருக்கும். பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் வைத்துக்கொள்ளலாம். சேரும் இடத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த இரண்டு பக்கங்கள்

சரி, அந்தப் பெண்ணின் போனுக்கு வருவோம். ஸ்காலர் பக்கத்தில் மேலே எண்கள் உள்ள பெட்டியில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசை இருக்கும். ஒன்று மொத்தம், மற்றது கடைசி ஐந்தாறு வருடத்துக்கு மட்டும். முப்பத்துநாலுக்காரருக்கு இரண்டாவது வரிசையில் எண் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. கீழே கட்டுரைப் பட்டியல் வழக்கமாக அதிக மேற்கோள் உள்ளது முதலாக நிற்கும். வருடம் என்ற சொல்லைத் தொட்டால் புதியது முதலாக மாறும். எப்போதும் இப்படி மாற்றிப் பாருங்கள். நீங்கள் சேரப்போவது இன்றைய ஆய்வகத்தில். பத்து வருடத்துக்கு முந்தைய ஆய்வகத்தில் அல்ல.

முதலிடத்தில் இருந்த கட்டுரையைத் தொட்டோம். பெரிய பன்னாட்டுக் கூட்டு முயற்சி. எழுதியவர் பெயர்கள் திரை முழுக்க ஓடின. இவர் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. நம் துறையில் பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவர், அதாவது மாணவரோ ஆய்வு உதவியாளரோ. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துகிறவர். நடுவில் வருகிறவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், ஒரு மாதிரியை அனுப்பி வைத்ததாகவும் இருக்கலாம். அடுத்த இரண்டும் விமர்சனக் கட்டுரைகள், அதாவது பிறர் செய்ததைத் தொகுத்துச் சொல்பவை. இவற்றுக்கு மேற்கோள் அதிகம் விழும், ஏனென்றால் முப்பது கட்டுரையைக் குறிப்பிடுவதற்குப் பதிலாக ஒரு தொகுப்பைக் குறிப்பிடுவது எல்லோருக்கும் வசதி. இதில் எதுவும் அவர் குற்றமில்லை. நல்ல ஆய்வாளர்தான். அவர் கடைசிப் பெயராக இருந்த கட்டுரைகளைத் தனியே எண்ணச் சொன்னேன். கடந்த ஐந்து வருடத்தில் மூன்று.

பதினொன்றுக்காரர் ஆய்வகம் தொடங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. சிறுதானியங்களில் நோய் எதிர்ப்பு மரபணுக்களைப் பற்றிய வேலை. ஒரு சிறிய தரவுத்தளம் உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார். நிரலும், நிரல்களைப் போட்டு வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. கடைசியாகத் திருத்தியது அதற்கு முந்தைய வாரம். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆளைப் பார்க்கும்போது நான் இதைத் தவறாமல் பார்ப்பேன். கட்டுரை வந்ததோடு கைவிடப்பட்ட நிரல்கள் ஏராளம். கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் எழுதி, பிழை திருத்தி, ஒரு நிரலை உயிரோடு வைத்திருப்பது பெரும் உழைப்பு. அதற்கு ஒரு மேற்கோளும் கிடையாது. அவர் கடைசிப் பெயராக இருந்த ஒன்பது கட்டுரைகளில் ஏழில் முதல் பெயர் அவருடைய மாணவர்கள். அதில் இரண்டு பேரின் பெயரைத் தேடிப் பார்த்தோம். இருவரும் பட்டம் வாங்கி வேறு இடங்களில் வேலையில் இருந்தார்கள்.

“அந்த ரெண்டு பேருக்கும் மெயில் போடும்மா. சார் எப்படி, உதவித்தொகை நேரத்துக்கு வருதா, எத்தனை வருஷத்துல முடிச்சீங்கன்னு கேளு. முப்பத்துநாலுக்காரரோட மாணவர்களுக்கும் அதே மாதிரி போடு” என்றேன். எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத தகவல் அது.

பெயரில் ஒரு சங்கடம்

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன், என் அனுபவத்திலிருந்து. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை; இனிஷியல்தான். என் முதல் கட்டுரையில் இனிஷியலை முன்னால் போட்டேன். இரண்டாவதில் பின்னால். மூன்றாவதை அனுப்பும்போது அந்த இதழின் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் மேலே நகரவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்தபடி அப்பா பெயரைப் போட்டேன். கட்டுரை அப்பா பெயரில் வெளியானது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பக்கத்தில் நின்றது. அச்சான தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். நாலாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர் அவர். தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அந்தத் தாளை மடித்துப் பட்டாவோடு வைத்துக்கொண்டார். அவர் போன பிறகும் அது அந்தப் பெட்டியில் இருக்கிறது.

ஆனால் மேற்கோள் கணக்கில் நான் மூன்று ஆளாகிப் போனேன். என் பெயரும் இனிஷியலும் உள்ள வேறு யாரோ ஒருவரின் பூச்சியியல் கட்டுரைகள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தன. சரிசெய்ய இரண்டு வருடம் பிடித்தது. ஒரு பதவி உயர்வு விண்ணப்பத்தில் இரண்டு கட்டுரைகளை நான் எழுதியவை என்று நிரூபிக்க வேண்டி வந்தது. முருகன், குமார், லட்சுமி, செல்வி என்று பெயர் உள்ளவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் அதிசயமாகப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால், அங்கே இரண்டு பேர் ஒன்றாகியிருக்கிறார்களா, ஒருவர் இரண்டாகியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இதற்காகவே 2012இல் ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. இலவசம், பத்து நிமிட வேலை. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

அவள் அங்கேயே உட்கார்ந்து போனில் படிவத்தைத் திறந்தாள். முதல் கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். இரண்டாவது கட்டம் வந்ததும் விரல் நின்றது.

“அப்பா பேர முழுசா போடட்டுமா சார், இல்ல இனிஷியல் மட்டும் போதுமா?”

“ரெண்டும் சரிதாம்மா. எத இப்ப போடுறியோ அதையே கடைசி வரைக்கும் போடு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மார்க்கெட்டில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் பெயரை ஆங்கிலத்தில் ஆதார் கார்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகக் கேட்டு அடித்தாள்.